அக்கா, சங்கத்துல சேரணுமா? – கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் பாம்பனில் என்னிடம் கேட்டவை

நான் பாம்பன்காரி. சென்னையில் டிவி தொடர்களுக்கும் ஓடிடி தொடர்களுக்கும் வசனமும் திரைக்கதையும் எழுதிப் பிழைக்கிறேன். ஏப்ரல் 15 ஆனால் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க, அப்பா வீட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். நானும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன். மறுநாளே மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எங்கிருந்தாவது ஒரு பிள்ளை நோட்டோடு வந்து நிற்கும். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

அக்கா, கதை எழுதுறவங்களுக்குன்னு சங்கம் இருக்கா? அது எதுக்கு?

இருக்கிறது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கம். சினிமாவில் இயக்குநர், எடிட்டர், லைட்மேன், மேக்கப், டிரைவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சங்கம் உண்டு. தொழிலாளர் சங்கங்களுக்கெல்லாம் மேலே பெப்சி என்ற சம்மேளனம். ‘24 கிராஃப்ட்’ என்று கோடம்பாக்கத்தில் சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான்.

எழுத்தாளர் சங்கம் கதையைப் பதிவு செய்யும், தகராறு வந்தால் பஞ்சாயத்து பேசும். சம்பளம் பேசுவதில்தான் ஓட்டை. லைட்மேனுக்கு ஒரு கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று சங்கம் பேசி வைத்த கணக்கு உண்டு. ஒரு எபிசோடுக்கு இவ்வளவு என்று எனக்காக யாரும் பேசியதில்லை. நானேதான் பேசினேன், அதுவும் மகா மோசமாக.

சங்கத்துல பதிஞ்சு வச்சுட்டா நம்ம கதையை யாரும் திருட முடியாதுல்ல?

திருடலாம். பதிவு என்பது பூட்டு இல்லை, தேதி போட்ட சாட்சி. இந்தத் தேதியில் இது என் கையில் இருந்தது என்று காட்ட உதவும், அவ்வளவுதான். டெல்லியில் அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் 500 ரூபாய் கட்டிப் பதியலாம். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் விட்டுவைப்பார்கள். முடிந்தால் இரண்டு இடத்திலும் பதியுங்கள்.

இன்னொன்று. கருவுக்கு உரிமை கிடையாது, அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் உரிமை. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1978-ல் தோற்றார். ஒரே கருவை இரண்டு பேர் வேறு வேறு விதமாகச் செய்தால் அது களவு ஆகாது என்றது தீர்ப்பு. ‘தனுஷ்கோடி புயல்ல ரெண்டு பேர் பிரியுறாங்க’ என்ற ஒரு வரி யார் சொத்தும் இல்லை. 1964 புயலை வைத்து வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் கதை சொல்கிறார்கள். நாலிலும் முதல் காட்சியில், புயலில் கடல் கொண்டுபோன அந்த ரயில் வருகிறது. காட்சி காட்சியாக, வசனத்தோடு எழுதுங்கள். அதுதான் உங்களுடையது.

சங்கத்துல கார்டு எடுத்தா வேலை வாங்கித் தருவாங்களா?

மாட்டார்கள். வேலை கிடைத்த பிறகு வரும் வம்புக்குத்தான் சங்கம்.

முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போடலாமா?

விசைப்படகில் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முன்பணம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியவர், அதை அடைக்காமல் வேறு படகில் ஏற முடியாது. எழுத்திலும் அதே கயிறுதான். காகிதத்தில் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் முதல் தொடருக்கு ஒரு நிறுவனம் பதினோரு பக்க ஒப்பந்தம் நீட்டியது. மேஜை மேல் காசோலை, பக்கத்தில் பேனா, வாசலில் ‘சீக்கிரம்மா, சார் கிளம்பணும்’ என்று ஒருவர். படிக்காமல் போட்டேன். ராத்திரி ஹாஸ்டலில் படித்தால் ஏழாம் பக்கத்தில், இப்பிரபஞ்சம் முழுமைக்கும், இன்றுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக என்று இருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஒளிபரப்பினாலும் எனக்குக் காசு கிடையாது. சிரித்தேன். அப்புறம் அந்தத் தொடர் இரண்டு மொழியில் டப்பாகி ஓடியபோது சிரிப்பு வரவில்லை.

அந்த வரி ஏன் இருக்கிறது என்று சட்டத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பதிப்புரிமைச் சட்டப்படி எத்தனை வருஷம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 5 வருஷம்தான். எந்த ஊர் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது உங்களிடமே திரும்பி வரும். நீங்கள் கையெழுத்துப் போடும் நாளில் இல்லாத ஊடகத்துக்கும் தனியாக எழுதி வாங்க வேண்டும். ஆக, எதுவும் எழுதாவிட்டால் சட்டம் உங்கள் பக்கம். அதனால்தான் பதினோரு பக்கம் எழுதுகிறார்கள். கேட்க வேண்டியது மூன்று: எத்தனை வருஷம், எந்த ஊர், எந்தத் திரை. பேப்பரை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

படம் நல்லா ஓடுனா படகுல மாதிரி நமக்கும் பங்கு உண்டா?

படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியில் பங்கு. மீன்பாடு நன்றாக இருந்தால் எல்லோருக்கும் கூடும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் குறையும். அமெரிக்க எழுத்தாளர்கள் 1960-ல் வேலைநிறுத்தம் செய்து போராடியது இதற்குத்தான். ஒரு படமோ தொடரோ மறுபடி காட்டப்படும்போதெல்லாம் எழுதியவருக்கு ஒரு தொகை. ‘ரெசிடுவல்’ என்பார்கள். ஊர் பாஷையில் பங்கு.

இங்கே 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவையில் அதற்காக முன்னின்று பேசியவர் ஜாவேத் அக்தர், அவரே எழுத்தாளர். திருத்தம் சொல்வது இது: படத்தில் இடம்பெற்ற எழுத்துக்கும் இசைக்கும், தியேட்டருக்கு வெளியே வரும் வருமானத்தில் சமபங்கு ராயல்டி உண்டு. அந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. பாட்டெழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் இருக்கிறது. வசனம் எழுதும் என் சிநேகிதிகள் ஒருத்திக்கும் இதுவரை ஒரு ரூபாய் வந்ததில்லை. சட்டம் வலை கொடுத்துவிட்டது, இழுக்க ஆள் சேரவில்லை. கரைவலை எப்போதாவது ஒற்றை ஆளாக இழுத்து வந்திருக்கிறதா?

ஓடிடி வந்ததும் எழுதுறவங்களுக்கு நல்ல காலம்தானே?

பாதி ஆமாம். இந்தியாவில் நெட்ஃப்ளிக்ஸும் அமேசான் பிரைமும் வந்தது 2016-ல். அதற்கு முன்னால் என் போன்றவர்களுக்கு மாமியார்-மருமகள் தவிர வேறு வேலை கிடையாது. இப்போது எட்டு எபிசோடில் ஒரு கதை முடியும், கடற்கரைப் பேச்சை அப்படியே எழுதினால் திருத்த மாட்டார்கள்.

மீதிப் பாதி இது. டிவி தொடர் வருஷக்கணக்கில் ஓடும், மாதாமாதம் கை நனையும். எட்டு எபிசோடை எழுதி முடிக்க ஒன்றரை வருஷம் ஆகிறது, பணம் மொத்தமாக ஒரு தடவை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். நம் துறைமுகத்தில் நண்டு எத்தனை கிலோ, என்ன விலை என்று பத்துப் பேர் முன்னால் சத்தமாக ஏலம் போடுகிறார்கள். இங்கே தராசு பூட்டிய அறைக்குள் இருக்கிறது.

போன வருஷம் அம்மாவுக்கு என் தொடரைப் போனில் போட்டுக் கொடுத்தேன். பேர் வருகிற நேரம் திரையில் ஒரு பட்டன் வந்தது. ஏதோ அமுக்கச் சொல்கிறார்கள் என்று அம்மா அமுக்கிவிட்டார். ‘ஸ்கிப் இன்ட்ரோ’. என் பேர் போயே போய்விட்டது.

சங்கத் தலைவர்னா பேர் உள்ள ஆள் வந்தாத்தானே பேச்சு எடுபடும்?

இதில் என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. பேர் உள்ள ஆள் போன் போட்டால் தயாரிப்பாளர் எடுப்பார், உண்மை. ஆனால் அந்தப் பேர் உள்ள ஆள் யார்? தமிழ்ப் படத்தின் டைட்டில் கார்டைப் பாருங்கள். ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ நாலும் ஒரே ஆள். பல நேரம் தயாரிப்பும் அவரே. அவர் எழுத்தாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குச் சம்பளம் தர வேண்டியவரும் அவர்தான். இரண்டு தொப்பியையும் போட்டுக்கொண்டு என் சம்பளத்தை யாரிடம் பேசுவார்?

நம் ஊரில் இதைத் தினமும் பார்க்கிறோம். விசைப்படகு மீனவர் சங்கம் என்று பலகை இருக்கும். உள்ளே நிர்வாகியாக இருப்பவர் படகு உரிமையாளர். இலங்கையில் படகைப் பிடித்தால் ஸ்ட்ரைக் என்று அறிவிப்பார்கள். கடலுக்குப் போக யாரும் டோக்கன் வாங்க மாட்டார்கள், படகு நிற்கும். நியாயமான கோபம்தான். ஆனால் முப்பது வருஷம் படகேறிய என் அப்பாவிடம் ‘நிறுத்தலாமா’ என்று ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை. அவருக்கு அந்தச் சங்கத்தில் ஓட்டே கிடையாது. போராட்டம் முடியும் நாளும் அவருக்கு டீக்கடையில்தான் தெரியும்.

2023-ல் அமெரிக்க எழுத்தாளர்களுக்காக ஸ்டுடியோக்களோடு பேசிய குழுவின் தலைமைப் பேச்சாளர் எலன் ஸ்டட்ஸ்மன். படம் எடுத்தவர் இல்லை, சங்கத்தின் சம்பளத்தில் கணக்கும் ஒப்பந்தமும் பார்க்கிற ஊழியர். கமிட்டியில் வேலை செய்கிற எழுத்தாளர்கள், மேஜையில் முழுநேர ஊழியர். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். முகத்துக்கு மாலை போடுங்கள், பேச்சுவார்த்தைக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள்.

அப்ப இப்ப வரைக்கும் இருந்த தலைவருங்க யாரும் சரியில்லைங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. 2018 தீபாவளிக்கு விஜய் நடித்த ‘சர்கார்’ வரவிருந்தபோது, அந்தக் கதை தான் ‘செங்கோல்’ என்று 2007-ல் பதிந்து வைத்தது என்று வருண் ராஜேந்திரன் சங்கத்துக்கு வந்தார். தலைவர் பாக்யராஜ் இரண்டையும் பார்த்து, மூலக்கதை ஒன்றுதான் என்று சொன்னார். எதிரே முருகதாஸ், விஜய், சன் பிக்சர்ஸ். விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசமாகி, வருணின் பேர் படத்தில் வந்தது. பாக்யராஜும் பெரிய இயக்குநர்தான், மேலே சொன்ன அதே டைட்டில் கார்டுக்காரர்தான். ஆனாலும் பேர் தெரியாத ஒருவருக்காக நின்றார்.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். சில நாளில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். போட்டியின்றித் தேர்வானதையும், படத்தின் கதையை வெளியே சொல்ல நேர்ந்ததையும் குறிப்பிட்டார். சங்கம் ராஜினாமாவை ஏற்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் தைரியத்தை நம்பித்தான் சங்கம் நடக்கிறது என்றால் அவருக்கு அடுத்தவர் வரும்போது என்ன செய்வோம்? விதி இருக்க வேண்டும்: பதிவு செய்த கதையை யார் ஒப்பிடுவது, எத்தனை நாளில் முடிப்பது, அதுவரை யார் வாயைத் திறக்கக் கூடாது என்று.

லாத்தா, அமெரிக்காவுல 148 நாள் எழுதாம இருந்தாங்களாமே. நம்மளால முடியுமா?

கீழக்கரைத் தம்பி கேட்டது. அவர்கள் பக்கம் அக்காவை லாத்தா என்பார்கள். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை, 148 நாள் வேலைநிறுத்தம். நம் தடைக்காலம் 61 நாள். கிட்டத்தட்ட இரண்டரைத் தடைக்காலம் வருமானம் இல்லாமல் இருந்தார்கள். நடுவில் ஜூலையில் நடிகர்களும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அது பெரிய பலம்.

நிறுத்துவதற்கு முன்னால் ஓட்டெடுத்தார்கள். கிட்டத்தட்ட 98 சதவீதம் பேர் சரி என்றார்கள். முடிந்த பிறகும் ஒப்பந்தத்தை ஏற்பதா என்று ஓட்டு. அப்பாவுக்குக் கிடைக்காதது இந்த இரண்டும்தான். கிடைத்ததில் ஒன்று: ஓடிடிக்கென்று எடுத்தது முதல் 90 நாளில் அந்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதம் பேர் பார்க்கும் அளவுக்கு ஓடினால் எழுதியவருக்குக் கூடுதல் தொகை. பூட்டிய அறையைக் கொஞ்சம் திறக்க வைத்தார்கள்.

நம் பக்கம் 2018 மார்ச்சில் தமிழ் சினிமா நின்றது. புதுப்படம் வெளியிடுவதில்லை, பிறகு படப்பிடிப்பும் இல்லை என்று ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை போனது. அறிவித்தது தயாரிப்பாளர் சங்கம், காரணம் டிஜிட்டல் திரையிடல் கட்டணம். தினக்கூலிக்காரருக்கு அந்தச் சண்டையில் பங்கு கிடையாது, பட்டினியில் மட்டும் பங்கு. எனவே ‘முடியுமா’ என்று கேட்பதற்கு முன்னால் ‘யார் நிறுத்துகிறார்கள், யார் வீட்டில் அடுப்பு அணைகிறது’ என்று கேளுங்கள்.

அவங்களால முடிஞ்சது நமக்கு ஏன் முடியல? நம்ம சட்டம்தான் நல்லாருக்குன்னீங்களே?

கூர்மையான கேள்வி. இதற்கு எனக்கே பதில் கிடைக்க வருஷங்கள் ஆயின. அமெரிக்காவில் சம்பளத்துக்குத் திரைக்கதை எழுதினால் அதன் சட்டப்படியான ஆசிரியரே கம்பெனிதான். எழுத்தாளர் ஊழியர். உரிமை போச்சு, ஆனால் ஊழியர் என்பதால் சங்கமாகச் சேர்ந்து கூலி பேசச் சட்டம் இடம் தருகிறது. அங்கே நாடகம் எழுதுகிறவர்கள் உரிமையைத் தாங்களே வைத்திருக்கிறார்கள். அதனாலேயே அவர்களால் அப்படிக் கூட்டாகப் பேச முடிவதில்லை.

நாம் அந்த நாடகக்காரர் மாதிரி. முன்பணக் கேள்வியிலும் பங்குக் கேள்வியிலும் சொன்ன உரிமையெல்லாம் காகிதத்தில் நம்முடையது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போய்ப் பேசுகிறோம், பதினோரு பக்கத்துக்கு எதிரே ஒற்றைப் பேனாவோடு.

சங்கத்துக்குக் கட்டுப்படாதவனை வேலை செய்ய விடாமத் தடுக்கலாமா?

கூடாது. நியாயத்தால் மட்டுமல்ல, சட்டத்தாலும். மேற்கு வங்கத்தில் இந்தி மகாபாரதத் தொடரை வங்காளத்தில் டப் செய்து ஒளிபரப்பக் கூடாது என்று கலைஞர்கள், தொழில்நுட்பக்காரர்களின் ஒருங்கிணைப்புக் குழு சேனல்களை மிரட்டியது. 2017-ல் உச்ச நீதிமன்றம், இது போட்டிச் சட்டத்துக்குள் வரும், தொழிற்சங்கம் என்று சொல்லித் தப்ப முடியாது என்றது.

டப்பிங் வந்தால் உள்ளூர் எழுத்தாளருக்கு வேலை போகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் என் தொடரும் டப்பாகித்தான் வேறு ஊருக்குப் போனது. அடுத்தவன் வலையை அறுப்பது வேறு, கடலுக்கு முறை வைப்பது வேறு. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாள் என்று நம் கடலில் பேசி வைத்தது முறை.

ஏஐயே எழுதிருமாமே, இனிமே நாங்க வந்து என்ன செய்ய?

அமெரிக்க எழுத்தாளர்களின் 2023 ஒப்பந்தத்தில் இதற்கும் ஒரு பகுதி உண்டு. ஏஐ தந்ததை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. எழுத்தாளரை அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கம்பெனி கொடுக்கும் காகிதத்தில் ஏஐ எழுதியது இருந்தால் சொல்லிவிட வேண்டும். விரும்பினால், கம்பெனி சம்மதத்தோடு, எழுத்தாளர் பயன்படுத்தலாம்.

எனக்கு வரும் தொந்தரவு வேறு. ‘முதல் டிராஃப்ட் ரெடி மேடம், சும்மா பாலிஷ் பண்ணுங்க’ என்று சொல்லிப் பாதிச் சம்பளம். திறந்து பார்த்தால் பாம்பன் மீனவர் ‘இன்று கடல் சீற்றமாக உள்ளது நண்பா’ என்கிறார். அடிக்கிற காற்று வாடையா, கச்சானா, கொண்டலா ஒன்றும் கிடையாது. முழுக்க மாற்றி எழுத முழு நேரம் ஆகிறது. மெஷினை விட ‘பாலிஷ்’ என்ற அந்த வார்த்தைக்குத்தான் நான் பயப்படுகிறேன். ஒப்பந்தத்தில் அதை எழுத விடாதீர்கள்.

பொம்பளைங்க சங்கத்துல தலைவரா வர முடியுமா?

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். என் சித்தி கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். விரலில் துணி சுற்றி, கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் போடுவார். அந்தப் பெண்கள் பேசிப் பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்தார்கள். அவர்களை ஒன்று சேர்த்த லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்தது. விருது வந்த பிறகும் அவர் பாசி எடுக்கப் போனார். தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நான் சுற்றி வளைத்துச் சொன்ன பதில் இதுதான். யூனியன் ஆபீஸில் ஏசி இருக்கிறதா என்று கேட்டால் சித்தி சிரிப்பார்.

ஊருல இருந்துக்கிட்டே எழுத முடியுமா?

எழுதலாம். பேர் கிடைக்கும் வரை சென்னைக்குப் போய் வர வேண்டும், வாடகை கையைக் கடிக்கும்.

இவ்வளவு பேசுறீங்க, நீங்க ஏன் அக்கா தேர்தல்ல நிக்கல?

தங்கச்சிமடத்துப் பெண் கேட்டாள், பதினெட்டு வயது இருக்கும். நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். இரண்டு வருஷமாக என்னிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். காட்சி பிரித்துக் கொடுப்பேன், எழுதித் தருவார்கள், நான் திருத்தி என் பேரில் அனுப்புவேன். எனக்கு வருவதில் அவர்களுக்குக் கொடுக்கிறேன். எவ்வளவு என்று நான்தான் முடிவு செய்கிறேன். அதில் ஒருத்திக்கு முன்பணமும் கொடுத்திருக்கிறேன்.

மேலே தலைவர் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அவர்களிடமே கேட்டேன், நான் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா என்று. ஒருத்தி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொருத்தி, “மொதல்ல எங்க பேரைப் போட வைங்கக்கா, அப்புறம் பாப்போம்” என்றாள். அடுத்த தொடரில் மூன்று பேர் பேரும் வர வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். மெயில் போய் இருபது நாள் ஆகிறது.